ஒன்பது சுருள், ஏழு சுற்று

கேள்வி கேட்கிற மாணவர் பதினெட்டு வயது மூத்தவராக இருந்தால் பதில் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். வடிவு டீச்சருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் பெரும்பாலும் பதிலே சொல்லமாட்டார்.

"டீச்சர், தாம்பாளத்த எப்பம் கையில தருவிய?" என்று கொம்பையா கேட்டார்.

டீச்சர் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

காலையில் வெட்டியதைத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி வெட்டு என்று அதற்கு அர்த்தம். கொம்பையா தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கும்போது ஒரு பெருமூச்சு விட்டார். டீச்சர் அதைக் கேட்காததுபோல் இருந்தார்.

கொம்பையா திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் முப்பது வருஷமாகப் பேர் வெட்டுகிறவர். குடம், தூக்குவாளி, சாப்பாட்டுத் தட்டு, எது வாங்கினாலும் கடை வாசலில் அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பாத்திரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையிலிருக்கிற மெஷினால் டர்ரென்று பேரையும் தேதியையும் ஓட்டிவிடுவார். அந்த வட்டாரத்தில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப்பேரின் பெயர் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. அவர் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பேர் வெட்டுகிற அண்ணாச்சி என்றால் தெரியும்.

அவருடைய மகள் சுகந்திக்குத் தை மாதம் பன்னிரண்டாம் தேதி கல்யாணம். அதற்காக ஒரு வெள்ளித் தாம்பாளம் வாங்கியிருந்தார். ஊரார் பாத்திரத்திலெல்லாம் மெஷின் ஓட்டியாயிற்று, பெற்ற பெண்ணுக்கு ஒரு பொருளாவது கையால் வெட்டிக் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. தாம்பாளத்தின் நடுவில் ஒரு கொடி, கொடியில் வரிசையாகச் சுருள்கள். கோயில் தூணில் ஓடுமே, அந்த மாதிரி கொடிக்கருக்கு.

அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆவணிக் கடைசியில் வடிவு டீச்சர் வீட்டுப் படியேறினார். டீச்சரின் முழுப்பெயர் சங்கரவடிவு. முப்பத்தாறு வயது. கோயில் வாகனங்களுக்குப் போர்த்துகிற வெள்ளித் தகட்டில் கருக்கு வெட்டுவது அவர் தொழில். முன்பு ஆறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தார். அவர் அந்த வேலையை விட்டும் டீச்சர் என்கிற பெயர் அவரை விடவில்லை.

"கை ஆடாது டீச்சர். முப்பது வருஷ அனுபவம்" என்றார் கொம்பையா முதல் நாள்.

"அதுதான் அண்ணாச்சி பயமா இருக்கு" என்றார் டீச்சர்.

தாம்பாளத்தை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"வெள்ளி மெல்லிசு. வெட்டினது வெட்டினதுதான், தேய்ச்சா ஓட்டை விழுந்திரும். உங்க கை எப்பம் சரியாகுதோ அப்பம் எடுத்துத் தாரேன். மார்கழி முடியுறதுக்குள்ள சரியாகலைன்னா தாம்பாளம் வெறுந்தாம்பாளமாத்தான் கல்யாணத்துக்குப் போகும். சம்மதமா?"

கொம்பையா அலமாரியைப் பார்த்தார். நாலு மாசம் இருக்கிறது. நாலு மாசத்தில் அவர் கடையில் இரண்டாயிரம் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்.

"சம்மதம்" என்றார்.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. அதை ஒரு மரக்கட்டையில் அரக்கு வைத்து ஒட்டியிருக்கும். கட்டை, மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும், தொட்டால் திரும்பும். வலது உள்ளங்கையில் உளியின் பிடி. தள்ளினால் செம்பு சீவிக்கொண்டு மயிர்போலச் சுருண்டு எழும்பும். தினமும் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் ஒரே ஒரு சுருள். நடுவில் ஒரு புள்ளியில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி அகன்று வெளியே வரவேண்டும். இலை கிடையாது, பூ கிடையாது.

டீச்சர் முதல் நாள் சொன்னது இரண்டே வாக்கியம்.

"உளியை நகத்தாதீங்க. தகட்டைத் திருப்புங்க."

கொம்பையா தலையாட்டினார். புரிந்துவிட்டது. அவர் தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு மெஷினை ஓட்டிப் பழகிய கை அது. பிடிக்கிற கை பிடிக்கவேண்டும், வெட்டுகிற கை ஓடவேண்டும் என்று முப்பது வருஷமாக அதற்குச் சட்டம். சுருளின் வளைவு வந்ததும் இடது கை கட்டையை இறுக்கிக்கொள்ளும். வலது கை உளியோடு தானாக வளைந்து ஓடும்.

வெட்டி முடித்ததும் டீச்சர் தகட்டைச் சன்னல் பக்கம் கொண்டுபோவார். காலை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புவார். வெட்டுக்குள்ளே வெளிச்சம் ஓடும். நல்ல சுருளாக இருந்தால் வெளிச்சம் நடுப்புள்ளியில் புறப்பட்டு நிற்காமல் சுற்றி வெளியே வந்துவிடும். கொம்பையாவின் சுருளில் அது வழியில் நிற்கும்.

"இங்கன நிக்கி" என்பார் டீச்சர். இன்னும் கொஞ்சம் திருப்புவார். "இங்கனயும் நிக்கி."

நின்ற இடங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும். அங்கெல்லாம் சுருள் வளையாமல் முழங்கைபோல முட்டிக்கொண்டிருக்கும். பிறகு உப்புத்தாள்.

புரட்டாசி முழுக்க இப்படிப் போயிற்று. வீட்டில் பூரணம் கேட்பாள். "இன்னைக்கு என்ன வெட்டினிய?" கொம்பையா என்ன சொல்வார்? தேய்த்துப் பளபளவென்று இருக்கிற வெறும் தகட்டைத்தான் காட்டமுடியும். பூரணம் பதினெட்டு வயதில் வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். கல்யாண வீடுகளுக்குச் சீர் முறுக்குச் சுற்றிக் கொடுப்பாள். "நல்லா விளக்கியிருக்கிய" என்று மட்டும் சொன்னாள். பாத்திரம் விளக்குகிறவர்களுக்குச் சொல்கிற பாராட்டு அது. கொம்பையாவுக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் கேட்டார். "டீச்சர், மொத்தம் எத்தனை சுருள் வெட்டணும்? ஒரு கணக்குச் சொன்னா வெட்டிருவேன்."

டீச்சர் தன் மேசையடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். அதில் ஒரு சுருள் இருந்தது. அன்று காலையில் வெட்டியது, ஓரத்தில் செம்புத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கொம்பையா அதைச் சன்னலில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் எங்கேயும் நிற்காமல் ஓடி வந்தது. அவர் இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரமாகிறதே என்பதுபோல் டீச்சர் கையை நீட்டித் தகட்டை வாங்கிக்கொண்டார்.

பிறகு உப்புத்தாளை எடுத்து அந்தச் சுருளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயையோ, அது நல்லாத்தான இருக்கு டீச்சர்."

"ஆமா" என்றார் டீச்சர். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களும் தினமும் வெட்டுதியளா?"

"பதினாறு வருஷமா."

கொம்பையா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினாறு வருஷம் எங்கே, தை மாதம் எங்கே? அன்றைக்குக் கடையில் ஒரு குடத்தில் தேதியைத் தப்பாக வெட்டிவிட்டார். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

பயம் வந்தால் மனுஷனுக்குக் குறுக்கு வழிதான் தெரியும். கொம்பையா கெட்டவர் இல்லை. பாத்திரக்கடையில் இருக்கிறவர், சுற்றிலும் வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கிறது. சுருள் என்றால் என்ன, சின்ன வட்டத்தில் பாதி, அதைவிடப் பெரிய வட்டத்தில் பாதி, அதைவிடப் பெரியதில் பாதி. அவர் ஒரு மருந்துச்சங்கின் வாய், ஒரு டம்ளர், ஒரு டவரா என்று பொறுக்கி எடுத்தார். ஒவ்வொன்றையும் தகட்டில் கவிழ்த்து, ஊசியால் பாதி வட்டம் கீறி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தார். மறுநாள் அந்தக் கீறல்மேலேயே உளியை ஓட்டினார். முட்டு தெரியவில்லை. அவருக்கே மலைப்பாக இருந்தது.

டீச்சர் தகட்டை வாங்கினார். சன்னலுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே பார்த்தார்.

"இது சங்கு. இது டம்ளர்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். "இது என்ன, டவராவா?"

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் உங்க கடைப் பாத்திரம்தானா?"

"ஆமா டீச்சர்."

"பாத்திரம் நல்ல பாத்திரம்" என்றார் டீச்சர். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. திட்டியிருந்தால் கொம்பையாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கார்த்திகை பிறந்தது. முகூர்த்த மாசம். கடையில் கூட்டம் நெரித்தது, வீட்டில் பூரணத்துக்கும் கை ஓயவில்லை. ஒரு நாள் காலையில் கொம்பையா ஒரு பொட்டலத்தோடு வந்தார். முன் தினத்து ஆர்டரில் மிஞ்சிய முறுக்கு. டீச்சருக்குக் கொடுத்துவரச் சொல்லிப் பூரணம்தான் கட்டிக் கொடுத்தாள்.

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். சீர் முறுக்கு, ஏழு சுற்று. ஒன்றை எடுத்தார். வாய்க்குப் போகவேண்டிய முறுக்கைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினார்.

கொம்பையா பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மறுபடி ஒரு சுற்றுத் திருப்பினார்.

"யாரு சுத்தினது அண்ணாச்சி?"

"வீட்லதான்."

"எப்படிச் சுத்துவாங்க?"

"எப்படின்னா, கையாலதான்."

"அது தெரியுது. எந்தக் கை சுத்தும், எந்தக் கை நிக்கும்?"

கொம்பையா யோசித்தார். மாவு பிசைகிற வாசனை ஞாபகம் வந்தது. வெண்ணெயும் சீரகமும் ஞாபகம் வந்தது. எண்ணெய்ச் சட்டி முன்னால் பூரணத்தின் முதுகு ஞாபகம் வந்தது. கை மட்டும் வரவில்லை.

"பாத்ததில்ல டீச்சர்" என்றார்.

"எத்தனை வருஷமா சுத்துதாங்க?"

"கல்யாணமாகி வந்ததுல இருந்து."

டீச்சர் அந்த முறுக்கைத் தின்னவில்லை. வேலை மேசையில் உளிகள் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு வராதீங்க."

கொம்பையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், அந்த டம்ளர் விஷயம் தப்புத்தான். இனிமே..."

"அதுக்கில்ல. காலையில இங்க வார நேரத்துக்கு வீட்ல உக்காந்து பாருங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ஆர்டர் முடியுற வரைக்கும்."

அலமாரியின் மேல்தட்டில் மஞ்சள் துணி இருந்தது. கொம்பையா அதை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டுப் பூரணத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன, உடம்புக்குச் சரியில்லையா?" என்றாள் பூரணம்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன டீச்சர் வீட்டுக்குப் போகலையா?"

"உன்னப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"என்னப் பாக்கச் சொன்னாங்களா? இத்தன நாளா எங்க பாத்துட்டிருந்தியளாம்?"

பூரணம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எலுமிச்சை அளவு மாவை எடுத்தாள். கவிழ்த்துப் போட்ட தட்டின்மேல் எண்ணெய் தடவிய தாள். கட்டைவிரலும் இரண்டு விரலும் மாவை முறுக்கி முறுக்கி விட, அது கயிறாக இறங்கி, நடுவில் ஒரு புள்ளியாகப் படிந்து, அதைச் சுற்றி இன்னொரு சுற்று, அதைச் சுற்றி இன்னொன்று.

கொம்பையா வலது கையைப் பார்த்தார். முறுக்குகிற விரல்கள் ஓயாமல் அசைந்தன, ஆனால் கை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு அங்குலம் நகரவில்லை. அப்புறம்தான் இடது கையைப் பார்த்தார். அது தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சுற்று அகல அகலத் தட்டு மெதுவாயிற்று.

ஏழு சுற்று முடிந்து வாலை ஒட்டிவிட்டாள். அடுத்த மாவை எடுத்தாள்.

"பூரணம், நீ எப்பவும் தட்ட இப்படித்தான் திருப்புவியா?"

"எப்படித் திருப்புதேன்?"

"இந்தா, இடது கையால."

பூரணம் தன் இடது கையைப் பார்த்தாள். அது நின்றுவிட்டது. வலது கையிலிருந்த மாவு பட்டென்று அறுந்தது.

"பேசாம இருங்க. இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு அறுந்திருக்கு" என்றாள்.

அதன் பிறகு கொம்பையா வாயைத் திறக்கவில்லை. மூன்று மணிநேரம் பார்த்தார். இவளுக்கு இந்தக் கை வேலை யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அவள் மறந்துவிட்டாள். கை மட்டும் மறக்கவில்லை. கல்யாணச் சீருக்குப் போகிற ஒவ்வொரு தட்டிலும் தான் பேர் வெட்டிக் கொடுத்திருக்கிறோம், அதே தட்டில் இவள் முறுக்கை அடுக்கிக் கொடுத்திருக்கிறாள், இத்தனை வருஷம் ஒரு தடவைகூட இப்படி எதிரே உட்காரவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் பூரணமே ஒரு உருண்டை மாவை அவர் கையில் வைத்தாள்.

"சும்மா பாத்துட்டே இருந்தா எப்படி? பிடிங்க."

முதல் முறுக்கு இரண்டாம் சுற்றில் அறுந்தது. அடுத்தது மூன்றாம் சுற்றில். அதற்கடுத்தது ஏழு சுற்று வந்தது, ஆனால் நசுங்கிய டவராபோல ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. பூரணம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"வலது கைய எதுக்கு இப்படி விரட்டுதிய? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"டீச்சரும் அதத்தான் சொன்னாங்க."

"சொன்னாங்கல்ல. பின்ன?"

அவர் சுற்றியதெல்லாம் ஆர்டருக்கு ஆகாது. ஆனால் பூரணம் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். சுகந்தி வேலைக்குப் போகும்போது அதிலிருந்து இரண்டு எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு அப்பா முறுக்கா, அம்மா முறுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கொம்பையா அந்தப் பத்து நாளும் கடைக்குப் பாடிக்கொண்டே போனார். அவருக்குப் பாட வராது.

பத்தாம் நாள் காலையில் ஒரு முறுக்கை முடித்து வாலை ஒட்டும்போதுதான் கவனித்தார். அவர் பூரணத்தோடு பந்தல்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே ஏழு சுற்றையும் முடித்திருந்தார். தட்டை யார் திருப்பியது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றோடு கார்த்திகை ஆர்டர் முடிந்தது.

டீச்சர் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மேசையில் அந்த முறுக்கும் இருந்தது, எறும்பு வராமல் இருக்க ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடியிருந்தார். கொம்பையா டம்ளரைப் பார்த்தார். டீச்சர் எங்கேயோ பார்த்தார்.

கொம்பையா உட்கார்ந்தார். உளியைத் தீட்டினார். நடுப்புள்ளியில் வைத்தார். இடது கை கட்டையின் விளிம்பைத் தொட்டது. தகடு திரும்ப ஆரம்பித்தது. செம்பு சீவிக்கொண்டு எழும்பியது, அறுபடாமல் ஒரே நூலாக நீண்டது. சுருள் முடிந்தபோது அந்த நூல் உதிர்ந்து மடியில் விழுந்தது.

டீச்சர் தகட்டைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பினார். வெளிச்சம் நடுவில் புறப்பட்டது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. வெளியே வந்தது.

டீச்சர் மறுபடி ஒரு தரம் திருப்பினார். பிறகு தகட்டைக் கொண்டுவந்து கொம்பையா முன்னால் வைத்தார். பக்கத்தில் உப்புத்தாளை வைத்தார்.

கொம்பையா அந்தச் சுருளைப் பார்த்தார். மூன்று மாசத்தில் வந்த முதல் சுருள். பூரணத்திடம் காட்டலாம். சுகந்தியிடம் காட்டலாம். ஒரே ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் தேய்க்கிறேன் என்று கேட்டால் டீச்சர் மறுக்கவும் மாட்டார்.

அவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பெருமூச்சு விடவில்லை. தேய்க்கும்போது பந்தல்காரர் ஞாபகம் வந்தது, அந்த மனுஷன் வாழைமரத்துக்குச் சொல்லிவிட்டாரா இல்லையா என்று யோசித்துக்கொண்டே தேய்த்தார். தகடு வெறுமையானதும் தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

மேசைமேல் மஞ்சள் துணி இருந்தது. அதை டீச்சர் எப்போது இறக்கினார் என்று தெரியவில்லை.

மார்கழி முழுக்கக் கொம்பையா தாம்பாளத்தில் வெட்டினார். ஒன்பது சுருள். ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பி, ஒன்று வலப்பக்கம் சுற்றினால் அடுத்தது இடப்பக்கம் சுற்றி, நடுவட்டம் முழுக்க ஒரே கொடி. தினமும் முதலில் செம்பில் ஒரு சுருள் வெட்டித் தேய்ப்பார். பிறகுதான் வெள்ளி. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஏழாவது சுருள் வெட்டுகிற அன்றைக்கு மட்டும் மனசு கல்யாணச் சமையலில் இருந்தது. வலது கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது. ஒரு இடத்தில் லேசாக ஒரு முட்டு.

"டீச்சர், இங்கன நிக்கி" என்று அவரே காட்டினார்.

"ஆமா, நிக்கி" என்றார் டீச்சர்.

"என்ன செய்ய?"

"எட்டாவது வெட்டுங்க."

தை பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கெல்லாம் சுகந்தி கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அதற்கு முன்னால், மண்டபத்தின் பின்னறையில் சீர்த் தட்டுகளை அடுக்கும்போது, கொம்பையா தாம்பாளத்தைத் துணியிலிருந்து எடுத்துப் பூரணம் கையில் கொடுத்தார். அவள் அதுவரை அதைப் பார்த்ததில்லை. சன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொம்பையா துணியை மடித்துக்கொண்டு நின்றார்.

பூரணத்தின் விரல் ஏழாவது சுருளில் வந்து நின்றது.

"இது நீங்க சுத்தின முறுக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "மத்ததெல்லாம் நான் சுத்தினது."

துடைத்துக்கொண்டு, தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். கூடையைத் திறந்து சீர் முறுக்கை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். மகள் கல்யாணத்துக்கென்று தனியாகச் சுற்றியது, ஒவ்வொன்றும் ஏழு சுற்று. முதல் வரிசையிலேயே கொடி முழுவதும் மறைந்துவிட்டது. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கோபுரமாக எழும்பியது. வெள்ளி விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

கொம்பையா காலிக் கூடையை எடுத்து ஓரமாக வைத்தார். சொல்ல என்ன இருக்கிறது? சீர்த் தாம்பாளம் என்றால் சீர் வைக்கத்தானே. இருந்தாலும் தாலி கட்டி முடிந்து, சீர்த் தட்டுகளை மேடைக்கு முன்னால் பரப்பி, சம்பந்தி வீட்டார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தபோது அவருக்குத் தாங்கவில்லை. "முறுக்கு எவ்வளவு நேர்த்தி" என்று ஒருவர் சொன்னார். "தாம்பாளம் கனமான தாம்பாளம்" என்று இன்னொருவர் சொன்னார்.

டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொம்பையா பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நாலு மாசம். ஒன்பது சுருள். ஒண்ணுகூட வெளிய தெரியல."

டீச்சர் எழுந்தார். சம்பந்தி வீட்டார் சீரைப் பார்வையிட்டு முடித்து, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் அதற்குள் தாம்பாளத்தைச் சுற்றிவிட்டார்கள். டீச்சர் அவர்களுக்கு நடுவில் கையை விட்டு ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைக் கொம்பையாவிடம் கொடுத்தார். மறு பாதியை, இந்தத் தடவை சன்னலுக்குக் கொண்டுபோகாமல், வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

"முறுக்கு நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார். "மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும்."